எழுந்து நின்று கேட்ட ஜப்பான் பாட்டு

மனிதர்களில் இரண்டு வகை உண்டு. தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பவர்கள் ஒரு வகை. தெரியாத விஷயத்தை மைக் பிடித்துச் சொல்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகையில் மூத்த உறுப்பினர். இப்போது திருந்திவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் எழுதினால் என் மனைவி சிரிப்பாள், மகள் யாழினி சிரிப்பாள், அவர்கள் சிரிப்பதைப் பார்த்து ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகன் கவினும் காரணம் தெரியாமலே சிரிப்பான்.

யாழினியின் பள்ளி ஆண்டு மலரில் பெற்றோரும் மாணவர்களுக்காக ஏதாவது எழுதலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மற்ற அப்பாக்கள் 'விடாமுயற்சி', 'நேரத்தின் அருமை' என்றெல்லாம் எழுதுவார்கள். நான் ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர். அறிவுரை சொல்லும் அளவுக்குப் படிக்கவில்லை. ஆனால் ஒரு ராக் இசைக்குழுவின் பாட்டுக்கு ஒரு தொழிற்சாலை முழுவதையும் ஷூவைக் கழற்றி, அசையாமல் எழுந்து நிற்க வைத்தவன் இந்த ஓசூரில் நான் ஒருவன்தான். அதை எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி வண்டிகளுக்கு ரப்பர் குழாய் செய்கிறது. காரின் முன்மூடியைத் திறந்தால் கறுப்பாக வளைந்து நெளிந்து ஓடுமே, அந்தக் குழாய். பாதிக் கம்பெனி ஜப்பான்காரர்களுக்குச் சொந்தம். புது மெஷின் வரும்போதெல்லாம் அங்கிருந்து ஒருவர் வந்து சில மாதம் தங்கி, ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவார். அப்படி வந்தவர்தான் ஹிராதா. என் வயதுதான் இருக்கும். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, எதிரே யார் வந்தாலும் தலை குனிவார். ஜப்பானில் பெயருக்குப் பின்னால் 'சான்' சேர்ப்பது மரியாதை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நமக்கு அந்த மரியாதை போதுமா? நாங்கள் 'ஹிராதா சான் சார்' என்று கூப்பிட்டோம்.

ஹிராதா சான் சார் செய்த முதல் வேலை, மெஷின் வரிசை நெடுகத் தலைக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு கட்டியது. வேலையில் எங்கே தப்பு தெரிந்தாலும், கண்ணில் பட்டவர் அதை இழுக்கலாம். உடனே சிவப்பு விளக்கு சுற்றும், மணி அலறும், வரிசை மொத்தமும் நிற்கும். மேலதிகாரி ஓடிவர வேண்டும். ஓடிவந்து திட்டக் கூடாது. இழுத்தவருக்கு நன்றி சொல்லிவிட்டு, 'என்ன தப்பு?' என்று கேட்க வேண்டும். இதுதான் சட்டம்.

நம் ஆட்கள் யாரும் இழுக்கவில்லை. ஓடுகிற கம்பெனியை நிறுத்தினால் நன்றி சொல்வார்களாம், இதை நம்ப நாங்கள் என்ன குழந்தைகளா? (குழந்தைகள் மன்னிக்கவும்.) கயிறு பல நாள் சும்மா தொங்கியது. கடைசியில் நான்தான் முதலில் இழுத்தேன். இழுத்தேன் என்று சொல்வது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் மரியாதை. உண்மையில் என் சாப்பாட்டுப் பையை அதில் மாட்டினேன்.

மணி அலறியது. ஹிராதா ஓடிவந்தார். குனிந்தார். "அரிகாதோ. தேங்க் யூ. வாட் பிராப்ளம்?" என்றார்.

நான் பையைக் காட்டினேன். "பிராப்ளம்... தயிர்சாதம் சார்."

அவர் சிரிக்கவில்லை. பையைச் சுற்றி வந்து ஆராய்ந்தார். ஆட்களுக்குப் பை மாட்ட இடமே இல்லை, அது தப்புதான் என்று முடிவு செய்து, மறுநாளே சுவரில் கொக்கி அடித்துக்கொடுத்தார். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு என் பக்கத்தில்தான். என் மாங்காய் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "வெரி குட், வெரி குட்" என்பார். மறுநாள் மறுபடியும் கேட்பார்.

ஊருக்குத் திரும்பும் நாளில் எனக்கு ஒரு பரிசு கொடுத்தார். அழகான காகிதத்தில் மடிப்புக் கலையாமல் சுற்றியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, இடுப்புவரை குனிந்து நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கி, இடுப்புவரை குனிந்தேன். முதலில் நிமிர்கிறவர் மரியாதை தெரியாதவர் ஆகிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவருக்கும் அதே பயம் போலிருக்கிறது. இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வந்த டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்ததால்தான் எங்கள் முதுகு தப்பித்தது. (இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதே வியாதி பின்னால் ஒரு கூட்டத்துக்கே வந்தது.)

பிரித்துப் பார்த்தால் ஒரு சி.டி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாமல் இருக்கலாம். மெதுவடை மேல் ரோடு ரோலரை ஏற்றித் தட்டையாக்கி, வெள்ளி முலாம் பூசின மாதிரி இருக்கும். அதற்குள் பாட்டு இருக்கும். இந்த சி.டி.யின் அட்டை முழுக்கக் கறுப்பு. நடுவில் பனிக்குள் ஒற்றை மரம். ஓரத்தில் மேலிருந்து கீழாக ஜப்பான் எழுத்து. உள்ளே ஒரு சின்னப் புத்தகம், அதில் பாட்டுகள் வரிவரியாக அச்சாகியிருந்தன.

இங்கேதான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. (அது வேலை செய்யாத நாட்களில் எனக்கு ஒரு கெடுதலும் நடந்ததில்லை.) சினிமாப் பாட்டு என்றால் அட்டையில் நாயகனும் நாயகியும் இருப்பார்கள். இதில் மனித முகமே இல்லை. பாட்டை அச்சடித்துப் புத்தகமாகக் கொடுப்பது எதற்கு? கூடவே பாராயணம் பண்ணத்தானே? கொடுத்தவரோ குனிந்து, இரண்டு கையால் கொடுத்தார். ஆக, இது சாமிப் பாட்டு. அல்லது அதைவிட உயர்ந்த ஏதோ ஒன்று. டப்பாவின் நான்கு மூலையிலும் சந்தனம் தொட்டு வைத்து, முருகர் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். தினமும் ஊதுபத்தி காட்டினேன்.

அது ஜப்பானில் ரொம்பப் பிரபலமான ஒரு ராக் குழு புதிதாக வெளியிட்டிருந்த ஆல்பம் என்பதும், ஹிராதா அந்தக் குழுவின் தீவிர ரசிகர் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பின்னால் என்றால், எல்லாம் முடிந்த பின்னால்.

என்னிடம் சி.டி. போடும் கருவி கிடையாது. ஆனால் அன்வர் இருந்தான். பாகலூர் ரோட்டில் மைக் செட் கடை வைத்திருந்த என் சிநேகிதன். கல்யாணம், காதுகுத்து, தர்கா உரூஸ், கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவன் ஸ்பீக்கர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சி.டி.யை அவனிடம் கொண்டுபோனேன். போட்டான். தூரத்தில் மணி அடிப்பதுபோல ஒரு சத்தம். பிறகு மெதுவாகப் பியானோ. பின்னணியில் நிறையப் பேர் சேர்ந்து 'ஓ...' என்று இழுத்தார்கள். எனக்குப் புல்லரித்தது. அன்வர் பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டான்.

"மாப்ள, இது ஏதோ பெரிய எடத்துப் பாட்டுடா" என்றான்.

"நான் அப்பவே சொன்னேன்ல?"

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. அந்த வருஷங்களில் கரண்ட் வருவதுதான் செய்தி, போவது செய்தி இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு டீ குடிக்கப் போனோம். மிச்சத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டவரைக்கும் போதும், மரியாதையான பாட்டு என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். கெலமங்கலத்தில் தக்காளி மண்டி வைத்திருந்த முனியப்பன் என்பவரின் மகள். பெயர் மஞ்சுளா. (யாழினி, ஆமாம், உன் அம்மாதான். குறுக்கே பேசாதே.) போட்டோவைப் பார்த்ததிலிருந்து நான் ஷிப்டில் குழாயை எண்ணும்போது தப்புத் தப்பாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் முனியப்பனுக்கு என்மேல் நம்பிக்கை வரவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து பேங்கில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளையும் பெண் கேட்டு வந்திருந்தார்.

"கம்பெனி வேலைன்னு கேட்ல நிக்கற செக்யூரிட்டியுந்தான் சொல்லிக்குவாரு" என்றாராம் தரகரிடம். "பையன் கல்லாவி ஊர்க்காரன், நல்ல குடும்பம், எல்லாஞ் சரி. உள்ளார இவனுக்கு என்னா மதிப்புன்னு நான் கண்ணால பாக்கணும். அப்பறந்தான் பேச்சு."

கம்பெனிக்குள் வெளியாட்களை விடும் நாள் வருஷத்தில் ஒன்றே ஒன்று. ஆயுத பூஜை. அன்றைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும், பார்த்துவிட்டுக் கிளம்பும்போதே பதில் சொல்லிவிடுவதாகவும் சொல்லியனுப்பினார்.

இந்தப் பக்கம் கம்பெனியில் இன்னொரு பரபரப்பு. அந்த ஆயுத பூஜைக்கு ஜப்பானிலிருந்து தலைவரே வருகிறார் என்றார்கள். எச்.ஆர். பாஸ்கரன் சார் எங்கள் எல்லோரையும் கேன்டீனில் கூட்டி, "வர்றவரை நாம எப்படி மரியாதை பண்ணலாம்? யாருக்காவது ஐடியா இருக்கா?" என்று கேட்டார்.

மாலை போடலாம் என்றார் ஒருவர். தப்பட்டை அடிக்கலாம் என்றார் இன்னொருவர். நான் கையைத் தூக்கினேன்.

"சார், அவங்க நாட்டுப் பாட்டு எங்கிட்ட இருக்குது சார். ஹிராதா சான் சார் கையால குடுத்தது."

"என்ன பாட்டு?"

"மரியாதைப் பாட்டு சார். ரொம்ப ஒசந்தது."

"நீங்க கேட்டீங்களா குமரேசன்?"

"கேட்டேன் சார். புல்லரிச்சுது சார்."

பாஸ்கரன் சார் முகம் மலர்ந்தது. "அப்ப அந்தப் பொறுப்பு உங்களோடது. மைக்கும் நீங்களே பாத்துக்குங்க" என்றார். மைக்! முனியப்பன் கண் முன்னால் கையில் மைக்குடன் நான்! பேங்க் மாப்பிள்ளை என் மனசுக்குள் அப்போதே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

ஆயுத பூஜை அன்று எங்கள் கம்பெனியைப் பார்க்க வேண்டும். மெஷினையெல்லாம் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு, வாழைக்கன்று கட்டியிருந்தோம். மஞ்சள் கயிற்றுக்கும் நெடுகப் பூச்சுற்றியிருந்தார்கள். பிள்ளைகள் சரக்குத் தூக்கும் வண்டிமேல் ஏறி ஓட்டுவதுபோல விளையாடிக்கொண்டிருந்தார்கள். அன்வர் தன்னிடம் இருந்ததிலேயே பெரிய ஸ்பீக்கர்களை, அதாவது கட்சிப் பொதுக்கூட்டத்துக்கு மட்டும் எடுக்கும் ஸ்பீக்கர்களை, கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். "ஜப்பான் தலைவரு வர்றாரு, சின்னதா வெச்சா நல்லாருக்குமா மாப்ள?"

முனியப்பன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். தக்காளிக் கூடை தூக்கித் தூக்கி முட்டி தேய்ந்தவர், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். பின்னால் மஞ்சுளா. நான் விழாக்குழு பேட்ஜைச் சரிசெய்துகொண்டு மெஷின் மெஷினாகக் கூட்டிப்போனேன்.

"இது என்னங்க, துணி காயப்போடற கயிறா?" என்று கேட்டாள் மஞ்சுளா. அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"இல்லீங்க. தப்பு நடந்தா இழுக்கற கயிறு. இழுத்தா எல்லாம் நின்னுபோயிடும்."

"யாரு இழுக்கணும்?"

"யார் வேணும்னாலும். பெரியவங்க சின்னவங்க கெடையாது."

"வெளியாளு இழுத்தா?"

"ஜப்பான் சிஸ்டத்துல வெளியாளு உள்ளாளெல்லாம் இல்லீங்க" என்று நானாக ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டேன்.

"திட்ட மாட்டாங்களா?"

"நன்றி சொல்லுவாங்க."

அவள் கயிற்றை ஒருமுறை பார்த்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். "நல்லாருக்குது" என்றாள். எதைச் சொன்னாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் கயிறு என்றுதான் பதில் வரும்.

முனியப்பன் பொறுமை இழந்தார். "கயிறு கெடக்கட்டும் தம்பி. இங்க உங்கள யாராச்சும் மதிக்கறாங்களா?"

"இன்னுங் கொஞ்ச நேரத்துல பாருங்க" என்றேன். (பார்த்தார்.)

தலைவர் வந்தார். வெள்ளை முடி, சின்ன உருவம், கூட இரண்டு அதிகாரிகள். மொழிபெயர்ப்பாளர் தீபா மேடம் மட்டும் வரவில்லை. பெங்களூரிலிருந்து வருகிறவர், லீவுக்கு ஊருக்குப் போகும் கூட்டத்தில் அத்திப்பள்ளி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். 'வந்துகொண்டே இருக்கிறேன்' என்று போன் வந்துகொண்டே இருந்தது. அவர் மட்டும் நேரத்துக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றிக்கொண்டு தயாராக நின்றார். நான் மைக்கைத் தட்டினேன்.

"ஜப்பான் நாட்டுக்கு மரியாதை செலுத்தும் விதமாக இப்போது பாடல் ஒலிக்கும். அனைவரும் காலணிகளைக் கழற்றி, எழுந்து நின்று, பாடல் முடியும்வரை அசையாமல் அமைதி காக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்!"

'தேசிய கீதம்' என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுந்து நின்று அசையாமல் இருக்க வேண்டிய பாட்டு உலகத்தில் வேறு எது? எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். கனமான பாதுகாப்பு ஷூக்களின் லேஸை அவிழ்த்துக் கழற்ற எங்கள் ஆட்களுக்கு நேரம் பிடித்தது. ஜப்பான்காரர்களுக்கு என் தமிழ் ஒன்றும் புரியவில்லை. ஆனால் எல்லோரும் கழற்றுவதைப் பார்த்து, எங்களுக்கு முன்னாலேயே அழகாகக் கழற்றி, ஜோடியாகத் திருப்பி வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள்.

மணி ஒலித்தது. பியானோ வந்தது. 'ஓ...' என்ற குரல்கள் கூரைக்கு எழும்பின. முனியப்பன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். பாஸ்கரன் சார் கண்ணாலேயே என்னிடம் 'சபாஷ்' என்றார். மஞ்சுளா என் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தாள். என் வாழ்க்கையின் உச்சம் அதுதான். அதற்குமேல் போக இடமில்லை என்பதால் அங்கிருந்து கீழே விழ வேண்டியதாயிற்று.

டிரம் அடித்தது.

ஏதோ பாய்லர் வெடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கூரையில் இருந்த புறாக்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், ஒன்றுகூட மிச்சமில்லாமல் பறந்துவிட்டன. பிறகு கிடார். நான்கு கிரைண்டரில் ஒரே நேரத்தில் இரும்பைக் கொடுத்த மாதிரி. அப்புறம் ஒருவர் பாட ஆரம்பித்தார். கால்மேல் கேஸ் சிலிண்டர் விழுந்தவர் போடும் சத்தத்துக்கு மெட்டுப் போட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

ஒருவரும் அசையவில்லை. அசையக் கூடாது என்று மைக்கில் சொன்ன மகான் நானல்லவா? இன்னொரு நாட்டின் கீதத்தில் நாம் எப்படிக் குறை சொல்ல முடியும்? நானும் அவசரமாகக் காரணம் தேடினேன். ஜப்பான் பூகம்பம் வரும் நாடு. அவர்கள் கீதம் இப்படிக் கொஞ்சம் அதிரத்தான் செய்யும். தலைவரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி, தலை குனிந்து, அசையாமல் நின்றார். அவரே நிற்கிறார் என்றால் சரியாகத்தான் இருக்க வேண்டும்!

பக்கத்து மெஷின் மாதேவா, மாலூரிலிருந்து வரும் கன்னடக்காரர், உதட்டை அசைக்காமல் கேட்டார். "ஏன் குரு, என்ன இது? பாடறவரு யார் மேலயோ கோவமா இருக்காரா?"

"ஷ்! மரியாதைப் பாட்டு."

"நம்ம ஊரு பண்டிகைல இப்பிடி அடிச்சா ஜனங்க ஆடுவாங்க குரு."

"ஆடித் தொலைச்சுடாத!"

பூசாரியின் சூடம் அணைந்தது. பாட்டு முடிந்ததும் காட்ட வேண்டுமே என்று இன்னொரு கட்டி வைத்தார். அதுவும் அணைந்தது. இன்னொன்று. பாட்டுச் சத்தத்துக்கு நடுவே அவர் என்னைப் பார்த்து, பாக்கெட் காலி என்று கையை விரித்துக் காட்டினார். வண்டிமேல் இருந்த பிள்ளைகளில் சிலர் ஆட ஆரம்பிக்க, அவர்களின் அம்மாக்கள் நின்ற இடத்திலிருந்தே முறைத்தார்கள்.

ஒருவழியாகப் பாட்டு முடிந்தது. கூட்டம் மொத்தமும் மூச்சு விட்டது. பலர் நாற்காலிக்குப் பாதிவரை இறங்கிவிட்டார்கள்.

ஆல்பம் என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு பாட்டு இல்லை, வரிசையாக ஒரு டஜன் பாட்டு இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவது பாட்டு முதல் பாட்டைவிட வேகமாகப் பாய்ந்தது. பாதிவரை இறங்கியவர்கள் திடுக்கிட்டு மறுபடி எழுந்து நின்றார்கள். இப்போது இது கீதத்தின் இரண்டாவது சரணம்!

அன்வருக்கு 'நிறுத்து' என்று கை காட்டினேன். அவன் தலையில் கர்ச்சீப் கட்டி, கண்ணை மூடி, என்னைவிட மரியாதையாக நின்றுகொண்டிருந்தான். அவனிடம் போக வேண்டுமென்றால் தலைவரின் மூக்குக்கு முன்னால் குறுக்கே நடக்க வேண்டும். கீதம் ஒலிக்கும்போதா? என் கால் வரவில்லை. மூன்றாவது பாட்டு மெதுவாக ஆரம்பித்தது. அப்பாடா, முடிக்கப்போகிறார்கள் என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிலும் டிரம் வந்தது.

அப்போதுதான் முனியப்பனைப் பார்த்தேன். நெஞ்சிலிருந்த கை கீழே இறங்கியிருந்தது. அவர் மண்டியில் விற்கும் பழத்தைவிட முகம் சிவந்து, வேர்த்து ஊற்றியது. தேய்ந்த முட்டி வேட்டிக்குள் கிடுகிடுவென்று ஆடியது தெரிந்தது.

"மஞ்சு, நான் உக்காந்தா ஜப்பான்காரங்க கோவிச்சுக்குவாங்களா?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது.

மஞ்சுளா என்னைப் பார்த்தாள். ஏதாவது செய்யுங்கள் என்று கண்ணால் கேட்டாள். நான் ஒன்றும் செய்யவில்லை. கையில் மைக் இருந்தது. 'உட்காருங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் நான் செய்தது தப்பு என்று அத்தனை பேர் முன்னால் ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். இந்த முழுக் கூத்திலும் எனக்கு இன்றும் வெட்கமாக இருப்பது அந்த ஒரு இடம்தான்.

அவள் காத்துக்கொண்டிருக்கவில்லை. அசையாமல் நின்ற கூட்டத்துக்கு நடுவே, புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேராக மெஷின் பக்கம் நடந்தாள். எட்டி, பூச்சுற்றிய மஞ்சள் கயிற்றை ஒரே இழுப்பு.

சிவப்பு விளக்கு சுற்றியது. மணி அலறியது. சாமந்திப் பூ அவள் தலையில் கொட்டியது. அன்வர் பதறிப்போய்க் கண்ணைத் திறந்து, தன் ஆம்ப்ளிஃபயர்தான் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து மெயின் வயரைப் பிடுங்கி எறிந்தான். பாட்டு பாதிக் கூச்சலில் நின்றது. யாரோ ஓடி மணியையும் நிறுத்தினார்கள்.

அப்படி ஓர் அமைதியை எங்கள் கம்பெனி அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. எல்லோரும் மஞ்சுளாவைப் பார்த்தார்கள். பாஸ்கரன் சார் முகத்தில் ரத்தமே இல்லை. ஜப்பான் நாட்டின் கீதத்தை ஒரு பெண் கயிறு இழுத்து நிறுத்திவிட்டாள்!

தலைவர் கண்ணைத் திறந்தார். சுற்றுகிற சிவப்பு விளக்கைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கத் தொழிற்சாலையில் இருந்தவர் அல்லவா, அந்த விளக்கு சுற்றினால் கால் தானாக ஓடும் போலிருக்கிறது. அந்த வயதில், வெறும் சாக்ஸோடு, மெஷின் வரிசைக்கு ஓடினார். மஞ்சுளா முன்னால் நின்று இடுப்புவரை குனிந்தார்.

"அரிகாதோ" என்றார். பிறகு, "வாட் பிராப்ளம்?"

மஞ்சுளா கொஞ்சமும் பயப்படவில்லை. அப்பாவைக் காட்டி, முட்டியைத் தொட்டுக் காட்டி, "அப்பாவுக்குக் கால் வலிக்குதுங்க. நிக்க முடியல" என்றாள்.

தமிழ் தெரியாவிட்டால் என்ன, முட்டி வலி எல்லா நாட்டிலும் ஒன்றுதான். தலைவர் தன் நாற்காலியைத் தானே தூக்கி வந்து, முனியப்பனுக்குப் பின்னால் வைத்து, அவரைப் பிடித்து உட்காரவைத்தார். அடுத்த நிமிடம் தன் முட்டியையும் தடவிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் 'ஹூ...' என்று சாய்ந்தார். அதைப் பார்த்ததும் கம்பெனி மொத்தமும் தொப்பென்று உட்கார்ந்தது.

தீபா மேடம் மூச்சு வாங்க வந்து சேர்ந்தது அப்போதுதான். தலைவர் அவரிடம் நீளமாக ஏதோ பேசினார். கேட்கக் கேட்க மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்குச் சொன்னார்.

"இது அவங்க ஊர்ல பசங்க குதிச்சு ஆடற ராக் ஆல்பமாம். சாரோட பையன் வீட்ல இதைப் போட்டா, சத்தத்தைக் குறைடான்னு சார் திட்டுவாராம். இங்க நீங்க எல்லாரும் ஷூவைக் கழட்டி, அசையாம நின்னு கேக்கறதைப் பார்த்ததும், பையன் சொன்னதுதான் சரியோ, நமக்குத்தான் இதோட அருமை தெரியலையோன்னு அவருக்கு வெக்கமாயிடுச்சாம். நீங்க உக்காருவீங்க, அப்பறம் உக்காரலாம்னு நின்னாராம்."

அவர் உட்கார்ந்தால் நாங்கள் உட்காரலாம் என்று நாங்கள் நின்றோம். நாங்கள் உட்கார்ந்தால் அவர் உட்காரலாம் என்று அவர் நின்றார். டாக்ஸி ஹாரன்தான் இல்லை.

"மேடம், பாட்டுக்கு அர்த்தம் என்ன?" என்று மாதேவா சும்மா இருக்காமல் கேட்டார்.

மேடம் சி.டி.யோடு இருந்த சின்னப் புத்தகத்தை வாங்கிப் புரட்டி, பாஸ்கரன் சாரை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "மொதல் பாட்டு... காலைல எந்திரிச்சு வேலைக்குப் போறதே பிடிக்கலை, மேனேஜர் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கலைன்னு..."

கம்பெனி கூரை அன்று பறக்காமல் இருந்தது ஆச்சரியம். சிரித்தவர்களில் முதல் ஆள் தலைவர். சிரிக்காதவர்கள் இருவர். நானும் பாஸ்கரன் சாரும். அவர் என்னிடம் வந்து, என் கையிலிருந்த மைக்கை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். இனி எந்த விழாவிலும் குமரேசன் கையில் மைக் கொடுக்கக் கூடாது என்று அன்று போட்ட உத்தரவு இன்றும் அமலில் இருக்கிறது. பாஸ்கரன் சார் ரிட்டயர் ஆனபோது, புதிதாக வந்தவரிடம் ஒப்படைத்த முதல் விஷயமே அதுதான் என்கிறார்கள்.

பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை வாங்கிக்கொண்டு எல்லோரும் கலைந்தார்கள். நான் முனியப்பனையும் மஞ்சுளாவையும் கேட்வரை கொண்டுவிட நடந்தேன். பேங்க் மாப்பிள்ளை என் மனசுக்குள் திரும்பி வந்து இறங்கியிருந்தார். கையில் ஸ்வீட் பெட்டி வேறு.

கேட்டருகில் முனியப்பன் நின்றார். "தம்பி, மனசுல ஒன்னும் வெச்சுக்காதீங்க. என்னான்னே தெரியாத பாட்டுக்கு இத்தன ஜனத்த நிக்க வெச்சீங்களே, நாளைக்கு எம்பொண்ண எதுக்கு முன்னாடி நிக்க வெப்பீங்களோன்னு பயமாருக்குது."

தலையைக் குனிந்துகொண்டேன். இந்த முறை ஜப்பான் மரியாதைக்காக இல்லை.

"அப்பா" என்றாள் மஞ்சுளா. அவள் முடியில் இன்னும் ஒரு சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது. "தப்பு பண்றவரு எங்க தேடினாலும் கெடைப்பாரு. பேங்க்லயும் இருப்பாரு. எங்க இழுத்தா நிக்கும்னு முன்னாடியே காட்டிக் குடுத்தவரு இவரு ஒருத்தருதான்."

"அதுக்கு?"

"இவரு தப்பு பண்ணா நான் நிறுத்திக்கறேன்."

முனியப்பன் ஒரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டார். "அந்த வெள்ளமுடிக்காரரு எனக்கு நாற்காலி தூக்கிட்டு வந்தாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "தை மாசம் வெச்சுக்கலாம். ஆனா மைக் செட்டு எங்க பக்கத்துச் செலவு. நீங்க தொடக் கூடாது" என்றார்.

ஹிராதாவுக்கு இந்தக் கதை தலைவர் மூலமாகவே போய்ச் சேர்ந்தது. அந்தக் குழு புது ஆல்பம் வெளியிடும்போதெல்லாம் இன்றும் ஒன்றை எனக்கு அனுப்புகிறார். மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: 'தயவுசெய்து உட்கார்ந்து கேட்கவும்.' உட்கார்ந்து கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. யாழினிக்கு மூன்றாவது பாட்டு மனப்பாடம். என் மாமனார் வீட்டுக்கு வரும்போது கவின் வேண்டுமென்றே அந்த மணிச் சத்தத்தைப் போடுவான். அவர் ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்.

எங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒரு மஞ்சள் கயிறு இருக்கிறது. கல்யாணமான புதிதில் மஞ்சுளா கட்டியது. முனையில் ஒரு மாட்டு மணி. நான் எதையாவது தெரிந்த மாதிரி அளக்க ஆரம்பித்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்தவரை நான் திட்டக் கூடாது. நன்றி சொல்லிவிட்டு, என்ன தப்பு என்று கேட்க வேண்டும்.

நேற்று இந்தக் கட்டுரையை வீட்டில் வாசித்துக் காட்டினேன். டிரம் அடிக்கும் இடத்தில், 'எனக்கு அந்தப் பாட்டின்மேல் முதலிலிருந்தே ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மணி அடித்தது. மஞ்சுளா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நன்றி" என்றேன். "என்ன தப்பு?"

"உங்களுக்குச் சந்தேகமே வரல. அதாங்க தப்பு" என்றாள்.

அந்த வரியை அடித்துவிட்டேன்.